சட்டிநக்கி வரஸ்கோ

இத்தாலியில், வெனிஸுக்குப் பக்கத்துச் சலேராவின் படகுத்துறையில் நின்று “வரஸ்கோ!” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், காயலில் போகிற படகு அத்தனையும் திரும்பும். கடற்காகங்களில்கூட ஒன்றிரண்டு திரும்பிப் பார்க்கும். ரொட்டிக்கடைக்காரர் வரஸ்கோ, குழாய் ரிப்பேர்காரர் வரஸ்கோ, பிரசவம் பார்க்கிற அம்மாள் வரஸ்கோ, அவள் கையில் அலறிக்கொண்டு வந்து விழுகிற பிள்ளையும் வரஸ்கோ. கடித்தால் பல்லை உடைக்கிற ஒரு பாதாம் பிஸ்கோத்துக்கு அந்தப் பேர். குடித்தால் அடுத்த பெருநாள் வரைக்கும் நாக்கில் வேறு ருசி ஏறாத ஒரு கசப்புச் சாராயத்துக்கும் அதே பேர். ஊர்க் கால்பந்து அணியில் கோல் காப்பவனைத் தவிர எல்லோரும் வரஸ்கோ. வெளியூர் ரசிகர்களுக்குச் சலேராவில் ஆட்டம் என்றால் கொண்டாட்டம். ஒரே பேரைச் சொல்லித் திட்டினால் மொத்த அணிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் தபால்காரர் பிழைப்பது எப்படி? அதனால் எந்தக் காலத்திலோ ஊரே கூடி ஒவ்வொரு வரஸ்கோ குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பேர் வைத்தது. அரசாங்கம் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தது. பிறகு, வரிகட்டாத வரஸ்கோவை விட்டுவிட்டு வரிகட்டின வரஸ்கோவின் மாட்டை ஜப்தி செய்து, மாடு இரண்டு அதிகாரிகளை முட்டித் தள்ளியபின், அரசாங்கமும் வழிக்கு வந்தது. அடையாள அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். வரஸ்கோ என்கிற தவளைக்கால். வரஸ்கோ என்கிற ஓட்டைவாளி. வரஸ்கோ என்கிற பாதிமீசை. ஓட்டைவாளி வீட்டுப் பெண் ஒருத்தி மிலானில் நீதிபதியாக இருக்கிறாள். கொலைக்குற்றவாளிகளுக்கு ஆயுள்தண்டனை எழுதிவிட்டு அடியில் ஓட்டைவாளி என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள். யாரும் சிரிப்பதில்லை, குற்றவாளி உட்பட.

வெட்கப்பட்டவர் வக்கீல் எவரிஸ்தோ வரஸ்கோ ஒருவர்தான். அவருடைய அட்டையில் இருந்தது, வரஸ்கோ என்கிற சட்டிநக்கி.

எவரிஸ்தோவுக்குச் சொந்த ஊரைக் கண்டால் ஆகாது. மீன்செதில் மூளைகள் என்பார். காலையில் சாராயத்தில் வாய் கொப்பளிக்கிற கூட்டம் என்பார். காபிக் கடையில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்திக்கொள்வார். அப்படி நகர்த்தி நகர்த்தி ஒருநாள் தெருவுக்கே வந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். அவர் கணக்குப்படி வரஸ்கோ என்பது மீனவப் பேரே அல்ல. கிழக்கிலிருந்து போர்க்கப்பலில் வந்து, வெனிஸ் கோமகனுக்காகக் கடற்கொள்ளைக்காரர்களின் தலைகளைச் சீவி, பரிசாக இந்தக் கரையையே வாங்கிய ஒரு தளபதியின் பேர் அது. ஆதாரம் அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது: வாளேந்திய சிங்கம், மீன்வால், கீழே வரஸ்கோ. வெனிஸ் ரயில் நிலைய வாசலில் இருக்கிற கடையில் வாங்கியது. அதே சிங்கத்தை அந்தக் கடைக்காரன், கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் பேரைக் கீழே போட்டு விற்றுக்கொண்டிருந்தான். சிங்கத்துக்கு வீடு நிறைய.

ஊர் சொல்கிற கதை வேறு. ஆஸ்திரியர்கள் ஆண்டபோது குடிக்கணக்கு எடுக்க ஒரு குமாஸ்தா வந்தானாம். வரிசையில் முதலில் நின்றவன் தன் பேர் வரஸ்கோ என்றானாம். வலையில் மீன் அழுகிக்கொண்டிருந்த அவசரத்தில் பின்னால் நின்ற ஊர் மொத்தமும் “எனக்கும் அதையே போடுங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடிவிட்டதாம். எவரிஸ்தோவின் காதில் இந்தக் கதை விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மீன்சந்தைக் கால்வாயின் கரைக்குத் தளபதி வரஸ்கோ கரை என்று பேர் வைத்து, பளிங்கில் வெட்டிப் பதிக்க வேண்டும். அதற்கு நகரமன்றத்தில் உட்கார வேண்டும். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அடுத்த தேர்தலுக்கு எந்த அணியும் அவரைச் சேர்க்காது. ஆகவே இந்த முறை, அல்லது எப்போதும் இல்லை.

சட்டிநக்கி என்ற ஒருவர் தளபதிக்குப் பளிங்கு கேட்டால் நன்றாகவா இருக்கும்? முதலில் அந்த வாலை வெட்ட வேண்டும். மாவட்ட அதிகாரிக்கு விண்ணப்பம் போட்டார். ‘மேற்படிப் பட்டப்பேரால் என்னை இவ்வூரில் எவரும் அறியார்’ என்று சத்தியம் செய்தார். இந்த மாதிரி விண்ணப்பத்தை நகரமன்றச் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபிக்க நினைப்பவர்கள் ஆட்சேபிக்கலாம். ஊரே வந்து படித்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

“பேரு என்ன சட்டையா, கழட்டி ஆணியில மாட்ட?” என்றார் குழாய் ரிப்பேர்காரர். அவர் பேரும் எவரிஸ்தோ வரஸ்கோதான், ஆனால் தவளைக்கால். ஊர்க்காவல் புனிதரின் பேர் எவரிஸ்தோ என்பதால் அங்கே எவரிஸ்தோக்களுக்கும் பஞ்சமில்லை.

“மாட்டட்டும் விடு. குளிரும்போது தானா வந்து எடுத்துப் போட்டுக்குவான்” என்றாள் ஒர்சோலா. சந்தை முனையில் மீன் வறுத்து விற்பவள். வக்கீலின் சித்தப்பா மகள். அவள் கடைப்பலகையில், நாலு தெருவுக்குத் தெரிகிற சிவப்பு எழுத்தில், ‘சட்டிநக்கி வறுத்த மீன்’ என்று இருக்கும். அந்தப் பலகைக்கு அஞ்சியே வக்கீல் சந்தைக்கு முதுகைக் காட்டி நடந்து, ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போவார்.

உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரத்தில் கோயில் படியில் நின்று, தன் விண்ணப்பத்தையும் சேர்த்து, அதை வக்கீலே வாசித்தார். இனி அவர் வெறும் எவரிஸ்தோ வரஸ்கோ. தேர்தல் பட்டியலிலும் அப்படியே அச்சானது. அங்கே வாக்காளர் தனக்குப் பிடித்தவர் பேரைச் சீட்டில் தன் கையாலேயே எழுத வேண்டும். அவர் அணியிலேயே தவளைக்காலும் நின்றார், ஓட்டைவாளி ஒருவரும் நின்றார், அவர்களுக்கெல்லாம் வால் இருந்தது. இவருக்கு இல்லை.

“பாத்தியா பியெரினா,” என்று மனைவியிடம் பட்டியலைத் தட்டிக் காட்டினார். “வாக்காளன் சீட்டுல வெறும் வரஸ்கோன்னு எழுதினா அது நான் ஒருத்தன்தான். சோம்பேறிப் பய எல்லாம் எனக்குத்தான் போடுவான். இந்த ஊர்ல சோம்பேறிக்கா பஞ்சம்?”

பியெரினா சோளக்களியைக் கிண்டிக்கொண்டே, “சோம்பேறி ஓட்டுப் போடவே வரமாட்டானே” என்றாள். வக்கீல் அதைக் காதில் வாங்கவில்லை.

வாக்குப்பதிவு முடிந்த திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். ஒன்றாம் வகுப்பு. பெரியவர்கள் எல்லாம் முழங்கால் தாடையில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அலுவலர் லவீனியா, ரொவீகோவிலிருந்து வந்த கணக்கு டீச்சர். இந்த ஊரிலேயே வரஸ்கோ அல்லாத பத்துப் பேரில் ஒருத்தி, அதனாலேயே அந்த வேலை அவளிடம் வந்தது. தன் அணியின் முகவராக வக்கீல் ஆசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எதிர் அணியின் முகவர் ஒர்சோலா. எண்ணெய் வாசனையோடு வந்து வக்கீலின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வக்கீல் நாற்காலியை நகர்த்தினார். அவளும் நகர்த்தினாள். சன்னல்களில் ஊர் தொங்கியது.

மற்ற இடங்கள் எல்லாம் முடிவாகி, வக்கீலின் அணிக்குக் கடைசியாக ஓர் இடம் பாக்கி. அது வக்கீலுக்கா, தவளைக்காலுக்கா என்பதுதான் கேள்வி. தவளைக்காலுக்கு அதில் எந்த ஆசையும் இல்லை. “மச்சான் பேரு குடுத்துட்டான்யா, நான் என்ன பண்ண” என்று சன்னல் வழியாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஒரு சீட்டைப் பிரித்தாள். “எவரிஸ்தோ வரஸ்கோ.”

வக்கீல் மீசையைத் தடவினார். டீச்சர் அதைச் செல்லாத சீட்டுகளோடு வைத்தாள்.

“டீச்சர், அது என் வாக்கு.”

“எந்த எவரிஸ்தோ வரஸ்கோ, வக்கீல் சார்?”

“வால் இல்லாதது நான் ஒருத்தன்தானே!”

“எழுதினவர் தவளைக்கால்னு சேர்த்து எழுத மறந்திருக்கலாம் இல்லையா? ஒரே பேர்ல ரெண்டு பேர் நின்னா பட்டப்பேர் வேணும், இல்லேன்னா பிறந்த தேதி வேணும். ரெண்டும் இல்ல.”

“அவரு பொறந்த தேதியையா?” என்றாள் ஒர்சோலா. “அது அவரு பொண்டாட்டிக்கே ஞாபகம் இருக்காது டீச்சரம்மா. பாவம், கல்யாணத் தேதியையே மறக்க முடியாமத் தவிக்கிறா.”

சன்னல்கள் சிரித்தன. அப்படி வெறும் பேர் எழுதின சீட்டுகள் மொத்தமே நாலைந்துதான் வந்தன. அதில் ஒன்று தன் கையெழுத்து என்பது வக்கீலுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. தான் தனக்குப் போட்ட வாக்கே குப்பைக்குப் போவதை, பிள்ளைகள் வரைந்து ஒட்டிய யானைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர் பார்த்தார்.

டீச்சர் அடுத்ததைப் பிரித்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “சட்டிநக்கி.”

சன்னல்களில் தலைகள் இன்னும் உள்ளே நீண்டன.

“பட்டியல்ல அப்படி ஒரு பேர் இல்லையே” என்று சொல்லித் தனியாக ஒரு பக்கம் வைத்தாள். அடுத்தது. “சட்டிநக்கி.” அதற்கடுத்தது ஒரு தவளைக்கால். பிறகு சட்டிநக்கி, சட்டிநக்கி, நடுங்கும் கிழட்டுக் கையில் ஒரு சட்டிநக்கி, பள்ளிக்கூட எழுத்தில் அழகாக ஒரு சட்டிநக்கி, ஒன்றில் சட்டியின் படமே போட்டு.

வக்கீலின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து, பிறகு வழுக்கை. அயோக்கியர்கள்! வாக்குச்சீட்டையுமா விட்டுவைக்கவில்லை! இந்தச் சாக்கடைக் கூட்டத்துக்கு ஓட்டுரிமை கொடுத்தவனைக் கூட்டிவந்து இந்தக் கால்வாயில் முக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் பார்த்து ஒவ்வொருவன் மேலும் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தார். நீதிமன்றத்தில் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைக்கூட மனதுக்குள் அமைத்துவிட்டார்.

அப்போதுதான் கட்டின் உயரம் கண்ணில் பட்டது.

தவளைக்காலின் கட்டு மேசையில் படுத்துக் கிடந்தது. சட்டிநக்கியின் கட்டு எழுந்து நின்றது. வளர்ந்தது. டீச்சரின் மைக்கூட்டைத் தாண்டியது. பிறகு, கதை கேட்பவர்கள் நம்பினால் நம்பட்டும், டீச்சரின் மூக்கை எட்டியது. வக்கீலின் கோபம் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கணக்குப் போட ஆரம்பித்தது. அங்கே ஓர் இடம் கிடந்தது. ஒரு கரை கிடந்தது. பளிங்கு கிடந்தது.

“பட்டியல்ல இல்லாத பேர். அத்தனையும் செல்லாது” என்று டீச்சர் கட்டைத் தூக்கப் போனாள்.

“ஆட்சேபணை!” வக்கீல் எழுந்தார். குட்டி நாற்காலிகளுக்கு நடுவே எழுந்தவர் கோபுரம் மாதிரி தெரிந்தார். “வாக்காளர் மனசுல யாரை நெனச்சாருன்னு தெளிவாத் தெரிஞ்சா, வாக்கு செல்லும். சட்டம் அதுதான்.”

“சரிதான்” என்றாள் டீச்சர். “யாரை நெனச்சாங்க?”

வக்கீல் சன்னல்களைப் பார்த்தார். “அது... ஊருக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியும் டீச்சரம்மா,” என்று ஒர்சோலா கையைத் தூக்கினாள். “என்னையத்தான் நெனச்சிருக்காங்க. என் கடைப் பேரு அதுதானே? பாவம், எம் மீனு மேல அவ்வளவு பிரியம். மத்தியைக் கொஞ்சம் மொறுமொறுன்னு போட்டுக் குடுத்தா மனுஷன் என்னதான் எழுத மாட்டான்? ஆனா நான் தேர்தல்ல நிக்கலையே. அதனால செல்லாதுன்னே போட்டுருங்க.”

“ஏய், உனக்கு இல்ல அது!”

“பின்ன யாருக்கு வக்கீலய்யா?”

“உனக்கே தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? படிக்காதவ. கோயில் படியில நின்னு ஒருத்தரு வாசிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. ‘மேற்படிப் பட்டப்பேரால் என்னை இவ்வூரில் எவரும் அறியார்.’ எவ்வளவு நல்ல குரல்! அழுகையே வந்துருச்சு.”

டீச்சர் சன்னல்களைப் பார்த்தாள். “இங்க யாராவது வக்கீல் சாரை அப்படிக் கூப்பிட்டதுண்டா?”

“வக்கீலய்யாவையா?” என்றார் பாதிமீசை, நெஞ்சில் கைவைத்து. “கூப்பிட நாக்கு வருமாங்க?”

“கேள்விப்பட்டதே இல்லைங்க” என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. “என்ன பேரு சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க, கேப்போம்.”

“சீச்சீ, பெரிய மனுஷன் அவரு” என்றார் தவளைக்கால். “பள்ளிக்கூடத்துல வெச்சு அப்படியெல்லாம் பேசாதீங்க.”

காலையில்கூட அவர் முதுகுக்குப் பின்னால் ‘சட்டி’ என்று ஒருவரும் ‘நக்கி’ என்று இன்னொருவரும் எதிரெதிர்ப் படகுகளிலிருந்து முறைவைத்துக் கூவிய அதே வாய்கள். இப்போது கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைகள் மாதிரி அப்பாவியாக இருந்தன.

டீச்சருக்குப் புரிந்ததா இல்லையா, தெரியாது. கணக்கு டீச்சர்கள் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. “சார், நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. நீங்களே மறுத்த பேர். உங்களுக்கும் இந்தப் பேருக்கும் என்ன சம்பந்தம்? நான் பதிவு பண்ணணும்.”

வக்கீல் நின்றார். ஒரு பக்கம் தளபதி, மறுபக்கம் சட்டி. முப்பத்தைந்து வருஷம் வழக்காடி எத்தனையோ திருடர்களை யோக்கியர்கள் என்று நிரூபித்தவர். தன்னைத் தானே நிரூபிப்பது இதுதான் முதல்முறை. கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

“எங்க கொள்ளுத்தாத்தா பேரு போர்த்தோலோ” என்றார். குரல் எழும்பவில்லை.

“சத்தமா!” என்றது சன்னல்.

“போர்த்தோலோ! புனித எவரிஸ்தோ திருநாளுக்கு, வெள்ளம் வந்த வருஷம், ஏழைங்களுக்குன்னு கோயில்ல விலாங்குக் குழம்பு வெச்சாங்க. ஒரு ஆள் உள்ள இறங்கிக் குளிக்கிற அளவு செப்புச்சட்டி. பிஷப் வந்து ஆசீர்வாதம் பண்ணின பிறகுதான் பரிமாறணும். பிஷப்போட படகு தாமதமாயிருச்சு. பசி. ஊரே சுத்தி நின்னு மோந்து பாத்துட்டு இருக்கு. போர்த்தோலோ...” அவர் நெற்றியைத் துடைத்தார். “போர்த்தோலோவைக் காணோம்.”

“அப்புறம்?” என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. பிறந்ததிலிருந்து கேட்ட கதை; அவள் கண் பளபளத்தது.

“பிஷப் வந்தாரு. செபம் சொன்னாரு. மூடியைத் திறந்தாரு. குழம்பு இல்ல. அடியில எங்க கொள்ளுத்தாத்தா. நாக்கு வெளிய. சட்டி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சாம், பிஷப் அதுல தன் முகத்தையே பாத்தாராம்!”

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமிதம்கூட எட்டிப்பார்த்தது. ஊரே சொல்கிற கதையில் பிஷப் முகம் பார்ப்பது கிடையாது. அது வக்கீல் அங்கேயே சேர்த்தது.

“பிஷப் என்ன சொன்னாரு?” என்றாள் ஒர்சோலா. விடவில்லை.

“‘யார் இந்தச் சட்டிநக்கி’ன்னு கேட்டாரு. அன்னையிலேர்ந்து எங்க தாத்தா சட்டிநக்கி. எங்க அப்பா சட்டிநக்கி. பள்ளிக்கூடத்துல, இதே வகுப்புல, இதோ இந்த மூலையில, வாத்தியார் வருகைப் பதிவுல என்னைய அப்படித்தான் கூப்பிட்டாரு. ராணுவத்துல அப்படித்தான் கூப்பிட்டாங்க. என் கல்யாணத்துல பூசை நடுவுல சாமியாரு வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டாரு, பியெரினா சிரிச்சா. இந்த ஊருல என்னை எல்லாருக்கும் அந்தப் பேருலதான் தெரியும். வேற பேருல ஒருத்தனுக்கும் தெரியாது!”

“அப்ப பதிவுக்காக ஒரே வரியில சொல்லுங்க” என்று டீச்சர் பேனாவை எடுத்தாள். “சட்டிநக்கி யாரு?”

“நான்! நான்தான் சட்டிநக்கி!”

கால்வாய் வரை கேட்டது. கால்வாயிலிருந்து ஒரு படகு “வாழ்க!” என்றது.

“ஆமா,” என்றாள் ஒர்சோலா நிதானமாக. “இப்பச் சொன்னதும்தான் ஞாபகம் வருது. அப்படித்தான் கூப்பிடுவோம்.” சன்னல்களுக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. டீச்சர் கட்டை நகர்த்தி வக்கீலின் பேருக்கு நேராக வைத்தாள். எண்ணக்கூடத் தேவையிருக்கவில்லை, சட்டத்துக்காக எண்ணினாள். தவளைக்கால் ஓடிவந்து வக்கீலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “என் உசுரக் காப்பாத்துனய்யா” என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் கோட்டை உதறிக்கொண்டார். தவளைக்காலின் கை பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். ஊர் தன்னிடம் இவ்வளவு பாசமாக இருந்ததை இத்தனை நாளாகக் கவனிக்காமல் போனோமே என்று கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக அவருக்கு ஒரு இளக்கம் வந்தது. பாலத்தில் ஏறும்போது ஒர்சோலா சேர்ந்துகொண்டாள்.

“ரொம்பக் குளிர்ந்து போகாத” என்றாள். “உன்மேல ஆசைப்பட்டு ஒருத்தனும் போடல. என் கடையில உக்காந்துதான் முடிவாச்சு. ஊரே அந்தப் பேரை எழுதறது, அவன் வாயால சொன்னா இடம் அவனுக்கு, சொல்லாட்டி குப்பைக்கு. சொன்னா தவளைக்காலுக்கும் விடுதலை. நீ சொல்ல மாட்டே, மானத்தோட எந்திரிச்சுப் போயிருவேன்னு நான் பாதிமீசைகிட்ட பந்தயம் கட்டினேன். ஒரு கூடை கணவாய் மீன் போச்சு. உன்னைய நம்பினதுக்கு எனக்கு வேணும்.”

வக்கீல் நடுப்பாலத்தில் நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. கீழே கால்வாயில் ஒரு வாத்துக் குடும்பம் போனது. ஒர்சோலா, பாவம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் அடித்துவிட்டோமோ என்று அவர் தோளைத் தொட்டாள். அவர் தோளை விலக்கிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கண் அவளையும் பார்க்கவில்லை; மீன்சந்தைச் சுவரில், பளிங்கு பதிக்கத் தோதான ஓர் இடத்தை அளந்துகொண்டிருந்தது.

“ஒர்சோலா.”

“சொல்லு.”

“வெனிஸ் கோமகன் சாப்பிடறதுக்கு முன்னாடி, சட்டியில விஷம் இருக்கான்னு ருசி பாக்க ஒரு ஆளு இருந்திருப்பான் இல்லையா?”

“இருந்திருப்பான்.”

“கண்டவனை அந்த வேலைக்கு வெக்க மாட்டாங்க. பரம்பரையா நம்பிக்கையான குடும்பமா இருக்கணும். உயர்குடியா இருக்கணும்.” அவர் முதுகு நிமிர்ந்தது. மீசை நிமிர்ந்தது. “அந்தப் பதவிக்கு இந்தப் பக்கத்துல என்ன பேரு வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிற?”

ஒர்சோலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தை நோக்கிப் பாலத்தில் இறங்கி ஓடினாள்.

“டீச்சரம்மா! ஓட்டுப் பெட்டிய அரக்கு வெச்சு மூடிட்டீங்களா? கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க!”